ஆராய்ச்சிப் பணம் நம்முடையது, ஒப்பந்தத்தில் நம் பெயர் எங்கே?

(பேராக் தோட்டக் கிளைகளின் தொழிலாளர்கள் ஈப்போவில் கூடியபோது தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



பொதுப்பணத்தைக் கொண்டு பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கம்பெனிகளும் கூட்டாக நடத்தும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்படி நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும், "பல்கலைக்கழகம் எங்கே, பால்காடு எங்கே? இதைக் கேட்கவா அரைநாள் பேரைப் போட்டுவிட்டு வந்தோம்?" என்று சிலர் நினைத்திருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். இந்த நாட்டிலே அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு மிகப் பழைய உதாரணம் நம் ரப்பர் மரந்தான். அதற்குப் பணம் போன வழியும் நம் மங்கு வழியாகத்தான்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றை முளைக்க வைத்தது லண்டன் கியூ தோட்டம். அது சர்க்கார் பணத்தில் நடந்த தோட்டம். 1877-இல் சிங்கப்பூர் வந்த கன்றுகளிற் சிலவற்றை ஹியூ லோ நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரிலே நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பார்க்காதவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி. அவரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவரே. விதை சர்க்காருடையது, கன்று சர்க்காருடையது, வெட்டும் வித்தையும் சர்க்காருடையது. அதற்கப்புறந்தான் கம்பெனிகள் வந்தன. நம் பாட்டன்மார் கப்பலில் வந்ததும் அதற்கப்புறந்தான்.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சட்டம் பிறந்தது. ஆர்.ஆர்.ஐ. என்று நாம் சொல்லுவது அதைத்தான். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பரின் ஒவ்வொரு எடைக்கும் செஸ் என்று ஒரு வரி போட்டார்கள். அந்த வரியில் நடந்தது கழகம். செஸ் கட்டுவது நாங்களே என்று முதலாளிமார் சொல்லுவார்கள். ரசீது அவர்கள் பெயரில் இருப்பது மெய். ஆனால் கிராணி வேலை பார்க்கும் நமக்குக் கணக்கு தெரியும். செஸ் என்பது உற்பத்திச் செலவு என்ற பத்தியில் ஏறுகிறது. சம்பளப் பேச்சு வார்த்தையில் "செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு, இதற்குமேல் கொடுக்க இயலாது" என்று சொல்லும்போது, அந்தச் செலவுக்குள்ளே செஸ்ஸும் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் விலையை ஒட்டி நமக்குப் போனஸ் ஏறி இறங்கிய காலத்திலும் அப்படியே. ஆகவே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போன ஒவ்வொருவரும் அந்த ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். யாரும் கேட்டு வாங்கவில்லை. அது வேறு விஷயம்.

கொடுத்த பணம் வீணாயிற்றா? இல்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ளுவோம். விதையிலிருந்து முளைத்த பழைய மரம் கொடுத்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு பால் தரும் ஒட்டுமரங்களை ஆர்.ஆர்.ஐ. உண்டாக்கிற்று. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தை வெட்டாதவர்கள் இந்த மண்டபத்தில் சிலரே இருப்பார்கள். அதன் வம்சத்தைக் கேளுங்கள். தாய் ஜாவாத் தீவிலிருந்து வந்த ஜிர் 1. தகப்பன் பி.பி. 86. பி.பி. என்றால் பிராங் பெசார். சிலாங்கூரிலே ஒரு கம்பெனித் தோட்டம், சொந்தமாகவே ஆராய்ச்சி நடத்திய தோட்டம். கம்பெனி மரத்தையும் வெளிநாட்டு மரத்தையும் பொதுப்பணத்தில் இணைத்துப் பிறந்த பிள்ளை 600. அந்தப் பிள்ளையைப் பூட்டி வைக்கவில்லை. எல்லாரும் நட்டார்கள். தாய்லாந்துச் சிறுதோட்டக்காரர்கள் மிகுதியாக நட்டிருப்பதும் அதே மரந்தான். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து நம்மை ரப்பர் உற்பத்தியில் முந்திக்கொண்டதற்கு நம் நாட்டு ஆராய்ச்சியும் கைகொடுத்தது என்றால் தவறில்லை. அதில் நமக்குப் பொறாமை கிடையாது. அங்கே மரம் வெட்டுகிறவனும் ஏழைதான்.

பிராங் பெசார் தோட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது இன்று புத்ராஜெயா. பெரும்பாலான அமைச்சுகள் அங்கேதான் இருக்கின்றன. தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்த்தார்கள். நல்ல வீடு கேட்டு அந்தச் சனங்கள் எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்பதைப் பத்திரிகை படிக்கும் நீங்கள் அறிவீர்கள். 600-க்குத் தகப்பன் மரத்தைக் கொடுத்த மண்ணின் கதை இது. சுங்கை பூலோ ஆர்.ஆர்.ஐ. நிலத்தின் பெரும்பகுதியும் இன்று ஆராய்ச்சி நிலமாக இல்லை. தொழிலாளர் சேமநிதி அதை வாங்கி, குவாசா டாமன்சாரா என்று நகரம் எழுப்புகிறது. நம் செஸ்ஸில் வளர்ந்த நிலத்தை நம் சேமநிதியே திரும்ப விலை கொடுத்து வாங்கியிருக்கிறது! சட்டப்படி குற்றம் ஒன்றுமில்லை. கணக்கு எழுதுகிற கைக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

இனிப் பல்கலைக்கழக விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு அருகே பிரிக்கெண்டன்பரி என்ற இடத்தில் நம் நாட்டு ரப்பர்ப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி நிலையம். 1970-களில் அந்த நிலையத்தாரும் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞர்களும் கூட்டுச் சேர்ந்தார்கள். ரப்பரையும் இரும்புத் தகட்டையும் மாறி மாறி அடுக்கிக் கனத்த மெத்தையாகச் செய்து கட்டடத்தின் அடியில் வைத்தால், பூமி அதிர்ந்தாலும் மேலே உள்ள கட்டடத்தை அந்த அதிர்ச்சி முழுமையாகத் தாக்காது. இதைச் சோதித்து நிரூபித்தார்கள். 1985-இல் கலிபோர்னியாவில் ரான்சோ குகமோங்கா என்ற ஊரில் ஒரு நீதிமன்றக் கட்டடம் இந்த ரப்பர் மெத்தைகளின்மேல் எழுந்தது. அமெரிக்காவில் இம்முறையில் எழுந்த முதற் கட்டடம் அதுவே. 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலத்தின் அடியிலும் ரப்பர் மெத்தைகள் இருக்கின்றன. அடுத்த முறை பத்து காவான் வழியாகப் பினாங்கு போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஆராய்ச்சி. உயிரைக் காக்கும் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்தாருக்குப் பெயர் வந்தது, மெத்தை செய்யும் கம்பெனிகளுக்கு வேலை வந்தது, ரப்பருக்கு ஒரு புதுச் சந்தையும் கிடைத்தது. இதில் தோட்டத் தொழிலாளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. லாபம் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு இடமும் வைக்கப்படவில்லை.

நஷ்டமும் வரக்கூடும் என்பதற்கு இன்னொரு ஆராய்ச்சியைச் சொல்லுகிறோம். இதுதான் உங்களுக்கு நெருக்கமானது. பட்டையைச் சுரண்டி வெட்டுவாயின் அருகே மருந்து பூசுகிறோமே, எத்ரெல், அந்த மருந்து. அதன் இரசாயனப் பெயர் எத்தெஃபோன். அதை விற்பனைச் சரக்காகக் கொண்டு வந்தது ஆம்கெம் என்ற அமெரிக்க இரசாயனக் கம்பெனி. ரப்பர் மரத்தில் அது என்ன செய்கிறது என்று சோதித்து 1968-இல் உலகத்துக்கு எழுதியவர்கள் நம் ஆர்.ஆர்.ஐ. விஞ்ஞானிகளான ஆபிரகாம், விச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவர். மருந்து பட்டைக்குள் போய் எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. வெட்டுவாய் சீக்கிரம் அடைபடாமல் பால் நெடுநேரம் ஓடுகிறது. கம்பெனியின் சரக்கும் பொதுப்பணத்தின் மூளையும் கைகோத்த ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் நம் காட்டில் இல்லை.

பால் கூடினால் நல்லதுதானே என்பீர்கள். செக்ரோலைத் திறந்து பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 60 வெட்டு நிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் ஓர் ஆளுக்கு இரண்டு நிரை. 30 ஆள் பேர் விழும். மருந்து பூசி மூன்று நாளைக்கு ஒருமுறை வெட்டலாம் என்றால் ஓர் ஆளுக்கு மூன்று நிரை. 20 ஆள் போதும். நாலு நாளைக்கு ஒருமுறை என்றால் 15 ஆள். மரம் அதே மரம், பால் ஏறக்குறைய அதே பால், செக்ரோலில் மட்டும் பாதிப் பெயர்கள் இல்லை. எந்தத் துரையும் யாரையும் விரட்டவில்லை. பென்சன் போனவர் இடத்தில் புது ஆள் எடுக்கவில்லை, அவ்வளவே. பெரட்டில் நிற்கும் வரிசை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிற்று.

இதிலே நேர்மையாக இரு பக்கமும் பேசவேண்டும். பட்டை மிச்சமாகிறது, மரம் பல ஆண்டு கூட உழைக்கிறது, ஓர் ஆள் கொண்டு வரும் பால் அதிகமாகிறது. 1980-களிலும் 1990-களிலும் நம் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய், வெட்ட ஆளில்லாமல் காடுகள் சும்மா கிடந்த காலத்தில் இம்முறை தோட்டங்களுக்கு உயிர் கொடுத்ததையும் மறைக்கலாகாது. விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்லர். ஆனால் ஓர் ஆள் இரண்டு ஆளின் பாலைக் கொண்டு வரும்போது அவனுக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு என்ற கேள்வி ஆராய்ச்சி நடந்தபோதே எழுந்திருக்க வேண்டும். மருந்தின் அளவை ஆராய்ந்தார்கள், பட்டையின் ஆழத்தை ஆராய்ந்தார்கள். லயத்தில் இருக்கும் குடும்பம் என்ன ஆகும் என்பதை ஆராயும்படி அந்த ஒப்பந்தக்காரர்களை யாரும் பணிக்கவில்லை.

இதில் கிராணிமாருக்கும் ஒரு பங்கு உண்டு. தோட்டங்களில் சோதனைக் காடுகள் இருந்தன. புது மரம் ஆனாலும், புது மருந்து ஆனாலும் முதலில் அங்கேதான் வைத்துப் பார்ப்பார்கள். மரத்துக்கு மரம் பாலை அளந்து, ஒட்டுப்பாலைத் தனியே நிறுத்து, கணக்கு எழுதி அனுப்பியது யார்? பால்வெட்டுப் பெண்கள் தூக்கி வந்தார்கள், கிராணிகள் எழுதினார்கள். அந்த எண்களின்மேல்தான் விஞ்ஞானிகளின் கட்டுரைகள் நிற்கின்றன. கட்டுரையில் நம் பெயர் வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கூலி கொடுத்தாயிற்று என்று கதவைச் சாத்துவதுதான் நியாயமில்லை என்கிறோம்.

இப்போது இன்றைய நிலைமையைப் பாருங்கள். 1998-இல் ஆர்.ஆர்.ஐ. முதலியவை ஒன்றாகி மலேசிய ரப்பர் வாரியம் ஆயின. பேராக்கில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆராய்ச்சிப் பணமோ வேறு பல வாய்க்கால்களிலும் ஓடுகிறது. பினாங்கில் கிரெஸ்ட் என்ற கூட்டமைப்பு ஏற்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் இன்டெல், ஏ.எம்.டி., ஆஸ்ராம் போன்ற மின்னணுக் கம்பெனிகள் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் மலாயாப் பல்கலைக்கழகமும் உண்டு. அரசாங்கத்தின் கஜானா நேஷனலும் உண்டு. கம்பெனி கேள்வியைக் கொடுக்கும், பல்கலைக்கழகம் விடையைத் தேடும், செலவில் ஒரு பங்கு பொதுப்பணம். 2025 மார்ச்சில் நம் அரசாங்கம் ஆர்ம் என்ற பிரிட்டிஷ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. மின்சில்லு வரைபடங்களுக்காகவும் பொறியாளர்ப் பயிற்சிக்காகவும் 10 ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுப்பதாக ஏற்பாடு. 10,000 பேருக்குப் பயிற்சி என்று சொல்லப்பட்டது. நம் பக்கத்திலே செரி இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் கம்பெனியே ஒரு பல்கலைக்கழகம் நடத்துகிறது. தஞ்சோங் மாலிமில் டி.ஆர்.பி.-ஹைகோமும் சீனத்து ஜீலியும் சேர்ந்து உயர் தொழில்நுட்ப வட்டாரம் எழுப்புகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கெல்லாம் படிக்கிறார்கள், வேலையும் செய்கிறார்கள், மகிழ்ச்சியே.

ஆனால் கிரெஸ்ட்டைத் தொடங்கியவர்களின் பட்டியலில் கம்பெனியைக் கண்டோம், பல்கலைக்கழகத்தைக் கண்டோம், அரசாங்கத்தைக் கண்டோம். தொழிற்சங்கம் ஒன்றைக்கூடக் காணோம். காரணம் தெரிந்ததே. மின்னணுத் தொழிலாளர்கள் தேசியச் சங்கம் கேட்டுப் பல்லாண்டு போராடியும் கிடைக்கவில்லை. வட்டாரச் சங்கங்களுக்கு வழி திறந்ததே 2009-இல்தான். சங்கமே இல்லாதவனை யார் மேசைக்குக் கூப்பிடுவார்கள்? தோட்டத் தொழிலாளியின் நிலை அதுவல்ல. 1954 முதல் நமக்கு ஒரே தேசியச் சங்கம் உண்டு. கூட்டு ஒப்பந்தம் பேசிப் பழகிய வாய் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதிலையும் கேட்போம். "ஆராய்ச்சி என்பது சூதாட்டம் போன்றது, பத்தில் ஒன்றுதான் பலிக்கும், எங்கள் பணத்தையும் போடுகிறோம், இரகசியம் வெளியே போனால் போட்டிக்காரன் அள்ளிக்கொள்ளுவான்" என்பார்கள். இதில் உண்மை உண்டு. பத்தில் ஒன்பது தோற்கும்போது அந்த நஷ்டத்தில் பொதுப்பணத்தின் பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தோல்வியில் நாம் பங்காளி, வெற்றியில் அவர்கள் முதலாளி என்றால் அது என்ன கூட்டு?

அமெரிக்காவில் 1980-இல் பே-டோல் சட்டம் என்று ஒன்று வந்தது. சர்க்கார் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே சொந்தமாக்கிக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்பது அச்சட்டம். கம்பெனி அதைச் சரிவரப் பயன்படுத்தாவிட்டால், சர்க்கார் உள்ளே புகுந்து வேறொருவருக்கு உரிமை கொடுக்கலாம் என்ற பிரிவும் அதில் உண்டு. முதல் 40 ஆண்டுகளில் அந்தப் பிரிவை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. தோட்டத்தில் இது நமக்குப் புதிதல்ல. சட்டத்தில் வைத்தியசாலை இருக்கும், லயத்தில் மருந்து இருக்காது. போய்க் கேட்க ஓர் ஆள் இல்லாத பிரிவு வெறும் காகிதம். நம் நாட்டிலும் 2009-இல் அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தது. பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு விலைபோனால் அதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு. நியாயமான கொள்கை. மூளைக்குப் பங்கு கொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கையும் கண்ணில் படவேண்டும்.

இதை இன்று அவசரமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சீனத்து ஹைனான் தீவில் வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சியாளர்கள் மின்சாரப் பால்வெட்டுக் கத்தி செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். தானே வெட்டும் இயந்திரத்துக்கும் முயற்சி நடக்கிறது. செம்பனையிலோ இயந்திரமயத்துக்கென்றே அரசாங்கமும் தொழில்துறையும் பணம் போட்டு மார்காப் என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பை நடத்துகின்றன. வரட்டும். விடியற்கருக்கலில் கொசுக்கடியில் குனிந்து நிமிரும் வேலையை இயந்திரம் செய்தால் அழுகிறவர் யார்? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. மின்கத்தி பிடிக்கிறவனுக்கும் அதே 1,700 தானா? கத்தி பழுதானால் அந்த நாளின் சம்பளம் யார் கணக்கில்? நிரையில் மரத்தைக் கூட்டுவார்களா, கூட்டினால் எத்தனை? இன்று வெட்டுகிறவர்களில் பலர் வங்காளதேசத்துச் சகோதரர்கள், இந்தோனேசியச் சகோதரர்கள். ஆள் குறைந்தால் முதலில் விமானம் ஏற்றப்படுகிறவன் அவன்தானே? இயந்திரம் வந்து இறங்கிய பிறகு இவற்றைக் கேட்டால் "நிர்வாக உரிமை" என்பார்கள். ஆராய்ச்சி ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டால் அது ஒரு ஷரத்து.

ஆகவே நாம் கேட்கவேண்டியது இது. செஸ் பணமோ வரிப்பணமோ சேரும் எந்த ஆராய்ச்சி ஒப்பந்தமும் வெளியே தெரியவேண்டும். இரசாயனச் சூத்திரத்தை மறைத்துக்கொள்ளட்டும், பணமும் பங்கும் மறையவேண்டாம். அந்தக் குழுவில் சங்கத்தின் ஆள் ஒருவர் உட்காரவேண்டும், வெறும் விருந்தாளியாக அல்ல, வோட்டு உள்ளவராக. ஆள்குறைக்கும் ஆராய்ச்சி என்றால் அதே பணத்தில் ஒரு பகுதியை, வேலை மாறும் குடும்பங்களின் பயிற்சிக்கும் வீட்டுக்கும் முன்கூட்டியே ஒதுக்கவேண்டும். பி.சி. சேகர் 1966-இல் ஆர்.ஆர்.ஐ.யின் முதல் ஆசிய இயக்குநர் ஆனார். சுங்கை பூலோ வட்டாரத்தில் பிறந்த பிள்ளை அவர். அதுவரை வெள்ளைக்காரர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார இயலாது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளி உட்கார இயலாது என்று இன்று சொல்லுகிறவர்களுக்கு அதை ஞாபகப்படுத்துங்கள்.

கடைசியாகக் கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் எந்தெந்தக் காட்டில் மருந்து பூசுகிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டு, ஓர் ஆளுக்கு எத்தனை மரம், ஐந்து ஆண்டுக்கு முன் எத்தனை மரம், இயந்திரக் கத்தியோ வேறு புதுக் கருவியோ சோதனைக்கு வந்திருக்கிறதா, வந்திருந்தால் கொண்டு வந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரா, கம்பெனியாரா, வாரியத்தாரா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் தோட்டத்துக் கிராணியாரிடம் சொல்லுங்கள். அவர் எழுதித் தருவார். கூட்டு ஒப்பந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன் அந்தத் தாள்கள் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேரவேண்டும்.